நிழல் விழாத மாடி

"ஏனுங் கண்ணு, நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குள்ள சோலாரு ஓடிருமுங்களா?"

சென்னியம்மாள் படியேறி வந்து இதைக் கேட்பது நான்காவது தடவை. கையில் மோர்ச் சொம்பு.

"இன்னிக்குச் சாயங்காலமே ஓடிருமுங்கம்மா" என்றான் தனபால், தலையைத் தூக்காமல். ஆளுயரப் பேனல்களை அந்தக் குறுகலான படியில் ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து ஏற்றியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இரும்புச் சட்டத்தைத் தொட்டால் தோல் பொசுங்கியது.

"நாளைக்கு ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும் கரண்ட் இல்லியாமா. மாசாமாசம் இதே ரோதனை. எங்கூட்டுக்காரருக்கு அந்தக் காத்து மிசினு நின்னா அவ்வளவுதான்."

கீழ் அறையில் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் பவுண்டரியில் மண்ணும் புகையும் தின்ற நெஞ்சோடு, மூக்கில் குழாய் மாட்டிப் படுத்திருந்தார் காளிச்சாமி.

"உங்க மாடியில துளி நிழல் இல்லீங்க. அருமையான வெயிலு" என்றான் தனபால். அதுவரைக்கும் உண்மைதான்.

"ஆர்டர் எடுக்க வந்த பையனும் அதேதான் சொன்னான். வெயில் இருக்கற வரைக்கும் கவலையே இல்லீங்கம்மான்னான். அதான் யூ.பி.எஸ்ஸை ரெண்டு பேட்டரியோட பெரியநாயக்கன்பாளையத்துல எந்தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துப்போட்டேன். இனி அதுக்கு இங்க என்ன வேல?"

தனபால் மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். போன் அடித்தது. மானேஜர்.

"முடிஞ்சுதாப்பா?"

"ரெண்டு போல்ட்டு பாக்கிங்க."

"அந்தம்மா எதாச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"கேக்காம நீயா ஒண்ணும் உளறி வெக்காத. வடவள்ளியில உன் வாயால ஒரு ஆர்டர் போச்சு. இன்னொண்ணு போச்சுன்னா நீ ஊட்டுலயே இருந்துக்க."

வீட்டிலேயே இருந்துகொள்கிற வசதி தனபாலுக்கு இல்லை. போனை வைத்துவிட்டுக் கடைசி போல்ட்டை முறுக்கினான்.

சென்னியம்மாள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினாள். "நாளைக்காச்சும் அந்த மனுசன் பயமில்லாமக் கெடக்கட்டும்."

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க."

ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அந்த யூ.பி.எஸ்ஸ இன்னிக்கே திருப்பித் தூக்கிட்டு வந்துருங்க. இதுல பேட்டரி கெடையாதுங்க. ஈ.பி. லைன் நின்னா, எத்தன வெயிலடிச்சாலும் இதுவும் கூடவே நின்னுரும்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள்.