நான்காவது வாய்

செண்பகவல்லியின் இரைப்பைக்குள் ஒரு சின்ன மூடி இருந்தது. நூற்றுப் பத்து கிலோவில் இருந்தபோது வைத்துக்கொண்டது. மூன்று வாய் சோறு இறங்கியதும் 'டக்' என்று மூடிக்கொள்ளும். மூன்று மணி நேரம் கழித்து அதே சத்தத்தோடு திறக்கும். நடுவில் நான்காவது வாய் எடுத்தால் வாந்திதான்.

கர்ப்பமானதும் அதை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். மறுபடி குண்டாகிவிடுவோம் என்று பயந்து அவள்தான் தள்ளிப்போட்டாள். பிள்ளைக்கு வளர்ச்சி போதவில்லை என்று ஸ்கேனில் மாதாமாதம் எழுதி வந்தது. வளைகாப்பன்று ஆளாளுக்கு ஊட்டிய ஏழு வகைச் சாதத்தில் மூன்று வாய் போக மீதியை முந்தானையில் துப்பினாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. அன்றே மூடியை எடுத்துவிட்டார்கள்.

குழந்தையை மார்பில் வைத்தால் மூன்று மடக்கு குடிக்கும். பிறகு வாயை இறுக மூடிக்கொள்ளும். உள்ளங்காலைச் சுண்டினாலும் திறக்காது.

"எண்ணியில்ல குடிக்கா! யாரு சொல்லிக்குடுத்தா இவளுக்கு?" என்று சிரித்தாள் நர்ஸ் எஸ்தர்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று சொடுக்கினாள்.

குழந்தை வாயைத் திறந்தது. மூன்று மடக்கு குடித்து மூடிக்கொண்டது. அவள் மறுபடி சொடுக்கினாள். அரை மணி நேரத்தில் நாக்கு மரத்துப்போனது.

"கொஞ்சம் நீங்க சொடுக்குங்களேன், அக்கா."

எஸ்தர் சொடுக்கினாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. தாயின் வயிற்றுப் பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருந்தது.