இருபதாம் நாள் லாம்ப்

பாறை சரிந்து புதைந்த தெய்வசிகாமணியின் உடல் கிடைக்கவேயில்லை. உள்ளே எடுத்துப்போன லாம்ப் இருபது நாளாகியும் திரும்பாவிட்டால், ஆள் இறந்ததாக எழுதலாம் என்பது தங்கச் சுரங்கத்தின் ரூல். அப்படி எழுதினால்தான் மகளுக்கு வேலை. வேலை கிடைத்தால்தான் கோரமண்டல் குடியிருப்பில் கம்பெனி கொடுத்த அந்த லைன் வீடு நிலைக்கும். அவன் மனைவி நவநீதம் விரல்விட்டு எண்ணி, இருபதாம் நாள் மாலை லாம்ப் ரூமுக்குப் போனாள்.

அவன் நம்பர் கொக்கியில் லாம்ப் ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

“யார் சார் வெச்சது?”

“தெரியாதும்மா,” என்றார் கிளார்க் சாம்சன். “ஆனா லாம்ப் வந்துச்சுன்னா ஆளு மேல வந்தாச்சு. நாளைக்குக் காலை ஷிப்ட்ல அவரு பேர் எழுதித்தான் ஆவணும்.”

“எங்கூட்டுக்காரு செத்துட்டாரு சார். பொண்ண வெச்சிக்கினு நா எங்க போவேன்?”

“நான் இன்னா பண்றது? ரூலும்மா.”

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் லாம்பைக் கழற்றி முந்தானைக்குள் மறைத்தாள். போகிற வழியில் பாழுங்கிணற்றில் போட்டாள்.

மறுநாள் ஷிப்ட் சங்கு ஊதியதும், தூங்கும் மகளை எழுப்பாமல் ஓடிவந்தாள். கொக்கி காலியாக இருந்தது.

“லாம்ப் இல்ல சார். இப்பவாவது எழுதுங்க.”

சாம்சன் நிமிரவில்லை.

“லாம்ப் இல்லாத ஆள கேஜ்ல ஏத்திக் கீழ எறக்கக் கூடாதும்மா. அதான் அவர இப்பதான் வூட்டுக்கு அனுப்பிச்சேன்.”

வந்த வழியில் அவளுக்கு எதிரே யாரும் வந்திருக்கவில்லை. ஆனால் ஈரப் பூட்ஸ் தடங்கள் லாம்ப் ரூம் வாசலில் இறங்கி, அவள் வந்த பாதையிலேயே லைன் வீடுகளை நோக்கிப் போயிருந்தன.