மணல் தரையில் ஒரு நடிகர்

ஓமலூர் சினிமாக் கொட்டகையின் மணல் தரையில் பச்சமுத்து தன் மனைவி அத்தாயியோடு உட்கார்ந்திருக்கிறார். ஓலை இடுக்கில் அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கிறது. சினிமாவில் அவருக்கு இத்தனை வருஷமும் காவலாளி வேஷம்தான். இந்தப் படத்தோடு நடிப்பை விட்டுவிட்டு, சொந்தக் காட்டில் ஏர் பிடிப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். இப்போது திரையில் அவர் தூங்கி விழித்து, ராஜாவையே "யாரப்பா நீ?" என்று அதட்டுகிறார். கொட்டகை குலுங்குகிறது. பக்கத்து ஆள், யாரென்று தெரியாமலே அவர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். கொட்டகைக்காரர் குனிந்து வந்து, "மூணாவது வாரமுங்க, வசூல் கொறையவே இல்லீங்க. உங்களுக்குப் பெரிய வேஷமாக் கொடுக்கச் சொல்லி சேலத்து சினிமாக் கம்பெனியில நானே சொல்றனுங்க," என்கிறார். பச்சமுத்து மனைவியைப் பார்க்கிறார். அத்தாயி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், முந்தானையால் சிரிப்பை மூடியபடி சொல்கிறாள்: "காட்ட நான் பாத்துக்கறனுங்க. நீங்க சேலம் போங்க."