ஓட்டையில்லாத உயில்

தன் வழக்கமான காபிக்கடை மேசையில், ஒர்தென்சியா கொடுத்த கோப்பைப் புரட்டப் புரட்ட, வரி ஆலோசகர் அன்செல்மோ அசந்துபோனார். அவளுடைய இறந்த கணவர், உயில்களுக்கு அரசு தரும் செப்டம்பர் மாதக் கட்டணச் சலுகையில் பதிந்த உயில். வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. மனைவிக்குச் சாகும்வரை அதில் குடியிருக்கும் உரிமை.

"ஒரு ஓட்டை இல்லையேம்மா! இந்தப் புவெப்லா ஊருல இப்படி எழுத என்னை விட்டா ஆளில்லைன்னு இருந்தேன். உங்க வீட்டுக்காரருக்கு யாரு யோசனை சொன்னது?"

"நீங்கதான் ஐயா."

"நானா? அவர் முகத்தைக்கூட நான் பாத்ததில்லையே!"

"எப்படிப் பாப்பீங்க? பதினெட்டு வருஷமா நீங்க இங்க முதலாளிங்களுக்கும் டாக்டருங்களுக்கும் யோசனை சொல்றப்போ, அவரு தலையக் குனிஞ்சு உங்க ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டு இருந்தாரு."

அந்த உயிலை இரு கைகளாலும் ஏந்தியபடி அன்செல்மோ எழுந்து நின்றார்.