கிளையில் ஓரிடம்

"குனி," என்று பெரியக்கா தன் அலகால் சின்னவளின் கழுத்தை அழுத்தினாள். கூட்டத்தின் மற்ற ஐந்து தவிட்டுக்குருவிகளும் சோளக்கொல்லைப் பொம்மையின் முன்னால் ஏற்கெனவே குனிந்திருந்தார்கள்.

"கொல்லைக்காரன் கம்பில் பானையைக் கவிழ்த்துக் கண் வரைந்ததை நாம் எல்லோரும் வேலியிலிருந்து பார்த்தோமே அக்கா. இதுவா நம்மைப் படைத்தது?"

"பார்த்தால் என்ன? நேற்று வந்த மைனாகூடக் குனிகிறது. உனக்கு மட்டும் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா?"

"ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் தலையை மேலே தூக்குகிறோம். அங்கே இருப்பவரை விட்டுவிட்டு இதை எப்படிக் கும்பிடுவேன்?"

"அப்படியானால் அவரிடமே போய்ப் படுத்துக்கொள்."

தவிட்டுக்குருவிகள் ஒட்டி உட்கார்ந்துதான் தூங்கும். சின்னவள் அன்று வேறு மரத்தில் தனியாக நடுங்கினாள். ஒரே ஒரு தடவை குனிந்துவிட்டால் நடுவில் கதகதப்பாக இடம் கிடைக்குமே என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். விடிந்ததும் பொம்மையைத் தாண்டிப் போனாள். குனியவில்லை.

சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. பொம்மை சாய்ந்தது. பானை சேற்றில் வாய் மேலாக விழுந்து நிரம்பியது. மழை விட்டதும் ஆறு பேரும் தயங்கித் தயங்கி அதன் விளிம்பில் உட்கார்ந்து குடித்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் அவர்கள் தலை மேலே போயிற்று. சின்னவளுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவளும் வந்து குடித்தாள். யாரும் விரட்டவில்லை.

இருட்டத் தொடங்கியதும் எல்லோரும் கிளைக்குத் திரும்பினார்கள். பெரியக்கா இறகைக் கோதிக்கொண்டே, பக்கத்தில் ஒரு குருவி அளவு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.