முப்பத்துநான்கு கிலோமீட்டர்

கிரேஸின் வெள்ளை எலக்ட்ரிக் கார் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, அவள் வேலை பார்க்கும் ஏனாத்தூர்க் கல்லூரியின் வேப்பமர நிழலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமல் ஏரிக்குப் போய்வர வேண்டுமென்று கணவன் மணிவண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய கார். பிப்ரவரியில் அவன் மாரடைப்பில் போய்விட்டான். அதன்பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஜூன் முதல் வாரம், மாலையில் வண்டியை எடுத்தபோது மீட்டர் காலையைவிட முப்பத்துநான்கு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டியது. சார்ஜும் அதற்கேற்றபடி குறைந்திருந்தது. மறுநாளும் அப்படியே.

"வண்டி நின்ன எடத்துலயேதாம்மா நிக்குது. நான் பாத்துக்கினுதானே இருக்கேன்" என்றார் வாட்ச்மேன் சிட்டிபாபு.

தாமல் போய்வர அதே தூரம்தான் என்பது அவளுக்குத் தெரியும். இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, காரைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஏரிக்கரையில் இளநீர் விற்றவள் அவளைக் கண்டு திகைத்தாள். "இன்னாம்மா, இப்பதானே ரெண்டு பேரும் கார்ல வந்து எறங்கினீங்க? அதுக்குள்ள பஸ்ல வர்றீங்க?"

கரைச்சரிவில் வெள்ளைக் கார் பின்கதவு திறந்து நின்றது. மடக்கு நாற்காலியில் மணிவண்ணன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒருத்தி, கிரேஸ் அன்று உடுத்தியிருந்த அதே நீலப் புடவையில், அதே முகத்தோடு, ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

கூப்பிட வாயெடுத்த கிரேஸ் நிறுத்திக்கொண்டாள். தன்னைப் பார்த்தால் அந்தப் பெண் பயந்துவிடுவாளே என்று, புளியமரத்தின் பின்னால் மெல்ல ஒதுங்கி நின்றாள்.