வரிசையின் கடைசி அரிவாள்

துடைப்பம் கட்டுகிற சீமாறுப் புல்லை அறுத்துக் கட்டியாயிற்று. வீட்டுக்கொரு அரிவாளைத் தரையில் வரிசையாக வைத்தார்கள். எந்த அரிவாளுக்குப் பக்கத்தில் கட்டு விழுகிறதோ அந்த வீட்டுக்குத்தான் காட்டில் பங்கு. ஜடையனும் தன்னுடையதைக் கடைசியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். காய் உதிர உலுக்கச் சோம்பல்பட்டு நெல்லிமரத்தின் கிளையையே வெட்டிச் சாய்த்தவன் அவன். அதற்காக ஊர் கூடி ஒரு வருசம் அவனைக் காட்டை விட்டு விலக்கியிருந்தது. வருசம் முழுக்கக் கல்குவாரியில் சம்மட்டி அடித்து உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. விலக்கின தவணை முடிந்தவனை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவனும் கெஞ்சக் கூடாது. அரிவாளை வைக்கலாம், அவ்வளவுதான். பங்கு பிரிப்பவர் தாண்டிப் போய்விட்டால் மறுபடியும் குவாரி.

பங்கு பிரித்தவள் அவன் அத்தை கேத்தம்மா. அவனை விலக்கச் சொல்லி முதலில் வாயைத் திறந்தவளும் அவள்தான். கட்டுகளைப் போட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் நின்றாள். குனிந்து அரிவாளை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

"ஏண்டா, இது அரிவாளா, அகப்பையா?"

யாரோ சிரித்தார்கள்.

"சும்மாவே கிடந்து துருப்பிடிச்சிருச்சு அத்தே."

"கிளையை வெட்டுன அன்னைக்கு மட்டும் நல்லா வெட்டுச்சாக்கும்?"

கேத்தம்மா அரிவாளைத் திரும்ப வரிசையில் வைத்தாள்.

"காலையில தீட்டி எடுத்துட்டு வா. மொண்ணையை வெச்சு இழுத்தா புல்லு வேரோட வந்துரும். அப்புறம் அடுத்த வருசம் எல்லாரும் எதை அறுக்கிறது?"

தொப்பென்று கட்டு விழுந்தது. ஜடையன் அதைத் தொடவில்லை. அரிவாளை எடுத்துப் பக்கத்துப் பாறையில் எச்சில் துப்பித் தீட்டத் தொடங்கினான்.

"காலையிலன்னுதானடா சொன்னேன்" என்றாள் கேத்தம்மா.

அவன் தீட்டிக்கொண்டே இருந்தான்.